ஓதுகிற வாய்க்கு ஓம் சொல்ல ஏலாதா?

கரையோரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் பேச்சு சிகிச்சைப் பிரிவில் பார்த்த வேலையை விட்டு நான் விலகியபோது எனக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. இனி இந்தத் தொழிலைத் தமிழில் படிப்பிக்கப் போகிறேன். நோயாளிகளைப் பார்க்கிற காலம் முடிந்தது. பிரியாவிடை நாளில் பிரிவின் இளையவர்கள் கேக்கை வெட்டிவைத்துவிட்டு என்னோடு வழக்குக்கு வந்தார்கள்.

“ராத்தா, இப்ப நோயாளி கதைக்கிறத ஃபோன்ல பதிஞ்சா அதுவே நோயிட பேரச் சொல்லுது. நாங்க எதுக்கு இன்னும் கிரேக்கச் சொல்லுகள உரிச்சு உரிச்சுப் படிக்கணும்?” என்றாள் ஒருத்தி.

“அதுவும் செத்துப்போன பாஷை” என்றாள் மற்றவள்.

“கிரேக்கத்துல இரிக்கிற ஆக்கள்ட்டப் போய்ச் சொல்லிப் பாருங்க. அடிதான் விழும்” என்றேன். “உங்கட கையில இரிக்கிற ஃபோனே கிரேக்கச் சொல்லுதான். குரல் எண்டு அருத்தம். குரலத் தூக்கிக்கொண்டு திரியிறீங்க, அது எங்க இருந்து வந்தது எண்டு கேக்க மாட்டீங்களா?”

சிரித்தார்கள், ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை. எழுதித் தாருங்கள், வாசித்துவிட்டுச் சண்டை பிடிக்கிறோம் என்றார்கள். எழுதுகிறேன்.

நான் சாய்ந்தமருதில் ஒரு மீனவரின் மகள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான்தான். பல்கலைக்கழகம் போனவளும் நான்தான். இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்த நான் பழகவில்லை. என்ன படிக்கப் போகிறேன் என்று வாப்பாவிடம் விளக்கியபோது அவர் வலையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “கதைக்கப் படிப்பிக்கிறதுக்குச் சம்பளம் குடுக்காங்களா? நீ பொறந்த நாள்ல இருந்து சும்மாவே செய்யிற வேலையாச்சே புள்ள!” என்றார். ஊரெல்லாம் அந்தப் பகிடியைச் சொன்னார். என் முதல் சம்பளம் வந்த பிறகும் சொன்னார், ஆனால் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பாடமெல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. என் ஆங்கிலம் அப்போது நொண்டிக்கொண்டிருந்தது. ஆங்கிலம் சரளமாக வந்த பிள்ளைகள் நீளமான மருத்துவப் பெயர்களை முழுதாக விழுங்கினார்கள். எனக்கு அப்படி இறங்கவில்லை. அதனால் ஒவ்வொன்றையும் மூட்டு மூட்டாகக் கழற்றினேன். கழற்றினால் உள்ளே இருப்பது கொஞ்சம்தான். ‘அ’ என்றால் இல்லை. ‘டிஸ்’ என்றால் கோளாறு, சிரமம். ‘ஃபேசிஸ்’ பேச்சு. ‘ஃபோனே’ குரல். ‘லொகோஸ்’ சொல். ‘லெக்சிஸ்’ என்பதும் சொல்தான். ‘லாலியா’ வாய் ஓயாத கதை. ‘ஆர்த்ரோன்’ மூட்டு. இந்தச் சில துண்டுகளை வைத்து அவர்கள் பாதிப் புத்தகத்தைக் கட்டியிருக்கிறார்கள். அஃபேசியா என்றால் மூளையில் அடிபட்டுச் சொல் வராமல் போவது. அஃபோனியா என்றால் சொல் இருக்கிறது, குரல் இல்லை. டிஸ்ஆர்த்ரியா என்றால் சொல்லும் இருக்கிறது, குரலும் இருக்கிறது, நாக்கும் உதடும் மூட்டுப் பிடித்த மாதிரி அசைகின்றன. மூன்று பேரையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் போட்டால், பார்க்க வந்தவர்கள் மூவருக்கும் ஒரே நோய் என்பார்கள். “கதை வருதில்ல.” அவ்வளவுதான்.

பிறகு இந்தத் துண்டுகள் ஆஸ்பத்திரிக்கு வெளியிலும் என் கண்ணில் பட்டன. ‘டயலொக்’ என்றால் இருவருக்கு நடுவே ஓடும் சொல். ‘அப்பொலொஜி’ முதலில் மன்னிப்பு அல்ல, தன் பக்கத்து நியாயத்தை எடுத்துச் சொல்வது. நபிமாரைக் குறிக்க ஆங்கிலத்தில் எழுதும் ‘ப்ரொஃபெட்’ என்ற சொல்லைக் கழற்றிப் பார்த்த நாளில் எனக்குப் படிப்பே ஓடவில்லை. வேறொருவருக்காகப் பேசுபவர் என்று பொருள். அதன் நடுவில் இருக்கும் வேரும் அஃபேசியாவின் நடுவில் இருக்கும் வேரும் ஒன்றுதான். செய்தி கொண்டுவந்தவருக்கும் சொல் இழந்தவருக்கும் ஒரே வேர். நான் மதிப்பிட வேண்டிய மனிதர்களை அந்த நாளுக்குப் பிறகு வேறு கண்ணால்தான் பார்த்தேன்.

வேலையில் சேர்ந்தபோது எங்கள் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் சுனேத்ரா மிஸ். தெற்கிலிருந்து மாற்றலாகி வந்த சிங்களப் பெண். தமிழ் விளங்கும், பேசும்போது இடைக்கிடை வழுக்கும். என்னை ‘நங்கி’ என்பார். சிங்களத்தில் தங்கச்சி. அவருக்கு ஒரு முறை இருந்தது. புது நோயாளி வந்தால் முதலில் ஒன்றும் கேட்க மாட்டார். கதிரையை நோயாளியின் கண்மட்டத்துக்கு இழுத்துப் போட்டு, இரண்டு கைகளையும் தன் துடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்காருவார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

“என் கை சும்மா இருக்காது நங்கி. கேள்வி கேட்டால் கை காட்டும். நோயாளி என் கையைப் பார்த்துப் பதில் சொல்வார். நான் அவருக்குச் சொல் விளங்குது என்று நினைப்பேன்.”

அறிக்கை கொடுக்கும்போது நோயின் பெயரில் தொடங்கக் கூடாது. நோயாளி என்ன செய்தார் என்று முதலில் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் பெயரைக் கேட்பார். பெயரைச் சொன்னால் அதைத் துண்டாக்கச் சொல்வார். “அ-வா, டிஸ்-ஆ? கொஞ்சமாவது வருதென்றால் அ எங்கிருந்து வந்தது?” ஆனால் டிஸ்ஃபேசியா என்று மட்டும் எழுதவே விடமாட்டார், கொஞ்சம் பேச்சு வந்தாலும் அஃபேசியாதான். விழுங்கச் சிரமப்படுவதற்கு டிஸ்ஃபேஜியா என்று பெயர். அவசரத்தில் கிறுக்கினால் ஒன்று மற்றொன்றாகிவிடும், பேச முடியாதவரைப் பட்டினி போட்டுவிடுவார்கள் என்பார். இன்னொன்றும் எனக்குப் பிடித்திருந்தது. நான் ஒரு நோயாளியைத் தமிழில் விவரித்தால் அவருக்கு முழுதாகப் பிடிபடாது. அவர் சிங்களத்தில் விவரித்தால் எனக்கு. கிரேக்கத் துண்டு எங்கள் இருவருடைய தாய்க்கும் சொந்தமில்லாதது. அதை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் சமமாக வாதாடினோம். வெல்லும் நாளில் நான் வென்றேன் என்று கன்ரீன்காரருக்கும் தெரியும்.

பாண்டிருப்பிலிருந்து ஓர் ஆசிரியை வந்தார். குரல் அடியோடு போய், காற்றுத்தான் வந்தது. மாமியார்க்காரி கண்ணூறு என்று சொல்லித் தண்ணீர் ஓதி ஊற்றிக்கொண்டிருந்தார். ஆசிரியை இருமியபோது தொண்டையில் முழுக் குரல் கேட்டது. இருமலுக்கு வருகிற குரல் பேச்சுக்கு வராதா என்று அந்த இருமலிலிருந்தே தொடங்கினேன். இருமலை ‘ம்’ ஆக்கி, ‘ம்’மை ‘மா’ ஆக்கி, அந்தக் காலையிலேயே ‘மாமி’ என்று சொல்ல வைத்தேன். “முதல் சொல்லு என்னைத்தானா கூப்பிட்ட?” என்று மாமியார் அழுதுவிட்டார். அதுவரை இருவருக்கும் நல்ல பேச்சுவார்த்தை இருக்கவில்லை என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

சொறிக்கல்முனையிலிருந்து ஒரு வேளாண்மைக் குடும்பம் மகனைக் கொண்டுவந்தது. சொன்னதையே திருப்பிச் சொல்கிறான், நக்கல் கூடிப்போச்சு, அடித்தும் சரிவரவில்லை என்று தகப்பன் சொன்னார்.

“தம்பி, உங்கட பேர் என்ன?” என்றேன்.

“உங்கட பேர் என்ன?” என்றான் பையன், என் குரலின் ஏற்ற இறக்கத்தோடு.

“பாத்தீங்களா மிஸ், உங்களயும் விடுறானில்ல!”

எக்கோலாலியா. எதிரொலிக்கிற கதை. மலை எதிரொலித்தால் நாங்கள் மலைக்கு அடிப்பதில்லை என்று தகப்பனிடம் சொன்னேன். அவர் நீண்ட நேரம் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற வேலையெல்லாம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

இனி கபூர் ஹாஜியாரின் கதை. இளையவர்கள் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்.

கபூர் ஹாஜியார் நிந்தவூரில் அரிசி ஆலை வைத்திருந்தவர். இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தவள் ஷிபானாவுக்கு மாப்பிள்ளை பேசி, சீதன வீட்டையும் கட்டி முடித்திருந்த நேரத்தில் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன, சொல்லும் போனது. உயிருக்கு ஆபத்தில்லை என்றான பிறகு எங்கள் பிரிவுக்கு அனுப்பினார்கள். கோப்பில் அஃபேசியா என்று மட்டும் இருந்தது.

முதலில் என்னிடம் வந்தது நோயாளி அல்ல, மகள். கதவைச் சாத்திவிட்டுக் கதிரையில் உட்காராமல் நின்றாள்.

“மிஸ், வாப்பா கலியாணத்துக்கு மாட்டேங்கிறார். எத்தின தரம் கேட்டாலும் இல்ல, இல்ல எண்டுதான் சொல்ற.”

“வருத்தத்துல அப்படிச் சொல்லலாம்தானே?”

“இல்ல மிஸ். அவருக்குக் கதைக்க ஏலாதெண்டு நாங்களும் நெனச்சம். ஆனா தொழுகையில ஓதுறது ஒண்டும் பிழைக்குதில்ல. ஸலவாத்து சொல்ற, கலிமா சொல்ற, ஒரு எழுத்து சறுக்குதில்ல. உம்மா கேக்கா, ஓதுற வாய்க்கு, சரியெண்டு ஒரு ஓம் சொல்ல ஏலாதா எண்டு. அப்ப அவருக்கு மனமில்லாமத்தானே இல்ல எண்டு சொல்ற?” அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “மாப்பிள்ளையப் பாத்துப் பேசினதே அவர்தான் மிஸ். இப்ப என்னத்த கேள்விப்பட்டாரோ தெரியா. வாப்பாட மனப்பொருத்தம் இல்லாம நான் இந்தக் கலியாணத்த முடிக்கமாட்டேன்.”

அவள் போன கையோடு ஹாஜியாரின் தம்பி லத்தீப் வந்தார். குரலில் கடுமை இல்லை, களைப்புத்தான் இருந்தது. காக்கா என்று அவர் கூப்பிடும் அண்ணனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பது அவர் முடிவு. இல்லாவிட்டால் தானே பேசி முடித்த கலியாணத்தை எந்தத் தகப்பனாவது மறுப்பானா? எங்கள் முறையில் பெண்ணை நிக்காஹ் செய்து கொடுப்பவர் வலி, அதாவது தகப்பன். அவர் வாயால் மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டும். தகப்பனுக்குப் புத்தி இல்லை என்றால் அந்த உரிமை அடுத்த ஆண் உறவுக்குப் போகும். இங்கே அது லத்தீப்.

“மாப்பிள்ள ஊட்டார் நாள் கேக்காங்க மிஸ். காக்காவுக்குப் புத்தி சரியில்ல எண்டு ஒரு வார்த்த நீங்க மௌலவிட்ட சொன்னா நான் நிண்டு முடிச்சுக் குடுத்திருவேன். அவருக்கும் பாரமில்ல.”

இதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையை நான் சொன்னால், கபூர் ஹாஜியார் உயிரோடு இருக்கும்போதே தன் மகளின் நிக்காஹ் சபையில் பார்வையாளராக உட்கார வேண்டிவரும். பிறகு அந்த வீட்டில் எதற்கும் அவரிடம் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். சொல் போனவரின் புத்தியையும் கழித்துவிடுவது எங்கும் நடக்கிறது. ஆனால் தடுமாறாமல் ஓதுகிறார் என்பதை வைத்தே ஒருவரைப் பிடிவாதக்காரர் என்றோ பைத்தியம் என்றோ தீர்ப்பது எங்கள் வீடுகளில்தான் நடக்கும்.

சுனேத்ரா மிஸ்ஸிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான். “பிழையாகச் சொன்ன பிறகு அவருடைய முகம் என்ன செய்யுது?”

“இன்னும் பார்க்கவில்லை மிஸ்.”

“அப்ப ஏன் இங்கே நிற்கிறாய்?”

மறுநாள் ஹாஜியாரைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். மகளும் தம்பியும் கூடவே இருக்கட்டும் என்றேன். கதிரையை அவருடைய கண்மட்டத்துக்கு இழுத்துப் போட்டுக் கைகளைத் துடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

“ஹாஜியார், ஜன்னலக் காட்டுங்க.” இடக்கை ஜன்னலைக் காட்டியது. “உங்கட தொப்பியக் கழட்டி மேசையில இரிக்கிற மூக்குக் கண்ணாடிக்குப் பக்கத்துல வைங்க.” வைத்தார். “இப்ப கண்ணாடிய எடுத்துத் தம்பிட்டக் குடுங்க.” கொடுத்தார். லத்தீப் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“உங்கட பேர் கபூரா?”

“இல்ல” என்றார் ஹாஜியார்.

“நீங்க நிந்தவூரா?”

“இல்ல.”

“நீங்க பொம்புளையா?”

“ஓம்” என்றார் தெளிவாக. உடனே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, இடக்கையால் நாற்காலியின் கைப்பிடியை ஓங்கிக் குத்தினார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. தன் வாய் தன்னை ஏமாற்றுகிறது என்று தெரிந்த ஒருவரால்தான் அப்படிச் சிரிக்க முடியும்.

இரண்டு அட்டைகளை அவர் முன்னால் வைத்தேன். ஒன்றில் பச்சைச் ‘சரி’, மற்றதில் சிவப்புப் ‘பிழை’. அதே கேள்விகளைத் திரும்பக் கேட்டு, வாயை விட்டுவிட்டுக் கையால் பதில் சொல்லச் சொன்னேன். ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. கேள்விகளை ஒழுங்கு மாற்றிக் கேட்டேன், பொய்யான கேள்விகளைக் கலந்தேன். கை தடுமாறவில்லை. வாய் மட்டும் தன் பாட்டில் “இல்ல, இல்ல” என்றது.

ஷிபானாவைப் பார்த்தேன். “நீங்களே கேளுங்க.”

அவள் நாற்காலிக்கு முன்னால் முழங்காலில் இருந்தாள். “வாப்பா... இந்த மாப்பிள்ளையே எனக்குச் சரியா? உங்களுக்குப் பொருத்தமா?”

“இல்ல” என்றது வாய். இடக்கை பச்சை அட்டையைத் தூக்கி அவள் மடியில் போட்டது. போட்டது காணாதென்று, அதன்மேல் விரலால் தட்டித் தட்டிக் காட்டியது.

அவள் அழுத அழுகையை நான் எழுத மாட்டேன்.

பிறகு இருவருக்கும் விளக்கினேன். சின்ன வயதிலிருந்து ஓதி ஓதி மனதில் உறைந்த வார்த்தை தானாக ஓடுகிற தண்ணீர் மாதிரி. ஒன்று, இரண்டு என்று எண்ணும்போதும் வரும், ஓதும்போதும் வரும், கோபத்தில் ஏசும்போதும் வரும். நினைத்துத் தேடி எடுத்துச் சொல்வது வேறு வாய்க்கால். அந்த வாய்க்கால்தான் உடைந்திருக்கிறது. ‘ஓம்’ என்பதும் ‘இல்லை’ என்பதும் எங்களுக்குச் சின்னச் சொற்கள். அவருக்கோ அவை தேடி எடுக்க வேண்டியவை, பக்கத்தில் கிடப்பது தவறிக் கையில் வந்துவிடுகிறது. அஃபேசியா என்ற சொல்லைக் கழற்றினால் ‘பேச்சு இல்லை’ என்று மட்டும்தான் இருக்கிறது. புத்தி இல்லை என்று அதில் எங்கும் எழுதவில்லை. ஃபோனில் பதிந்திருந்தால் அது “இல்ல, இல்ல” என்பதைப் பிழையில்லாமல் பதிந்திருக்கும். பெயரையும் சரியாகத்தான் சொல்லியிருக்கும். அந்தப் பெயருக்குள் எது இல்லை என்று பார்ப்பதற்கு ஓர் ஆள் வேண்டும்.

“என்ட அல்லாஹ், நான் காக்காட இடத்துல நிக்கப் பாத்தேனே” என்றார் லத்தீப், யாரையும் பாராமல்.

“நீங்க நல்ல மனத்தோடதான் நிண்டீங்க. இனிப் பக்கத்துல நில்லுங்க” என்றேன்.

மௌலவி ஹாஜியாரின் வீட்டுக்கே வந்தார். ஒடிசலான, கண்ணில் குறும்பு உள்ள மனிதர். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுத் தாடியைத் தடவினார்.

“மகள், வாய் பேச ஏலாதவர் எல்லாருக்கும் விளங்குற மாதிரி சாடை காட்டினா அது செல்லும். அதுல எங்களுக்குப் பிரச்சின இல்ல. புத்தி தெளிவா இரிக்கணும். அத நானும் ஒருக்காப் பாக்கட்டா?”

“பாருங்க” என்றேன். அட்டைகளைக் கொடுத்தேன்.

மௌலவி ஹாஜியாருக்குப் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, தேன் ஒழுகுகிற குரலில் கேட்டார். “ஹாஜியார், மாப்பிள்ளைக்கி நம்மட சின்ன மகளத்தானே குடுக்கிற?”

சிவப்பு அட்டை மௌலவியின் நெஞ்சில் வந்து விழுந்தது. கூடவே ஒரு முழு ஏச்சும் தெளிவாக வந்தது. அதை இங்கே எழுத ஏலாது.

“அல்ஹம்துலில்லாஹ், புத்தி மிச்சம் தெளிவு” என்றார் மௌலவி, தொப்பியைச் சரிசெய்துகொண்டே. “இவர்தான் வலி. இவர் சாடை காட்டினாப் போதும்.”

அதோடு முடிந்திருக்கும். ஆனால் ஹாஜியார் தலையை ஆட்டவில்லை. இடக்கை விரலைத் தன் உதட்டில் வைத்தார். அட்டைகளைத் தூரத் தள்ளினார். திரும்பவும் உதட்டில் வைத்தார்.

“வாயாலதான் சொல்லணுமா?” என்றேன்.

“இல்ல” என்றார். விரல் உதட்டைவிட்டு எடுபடவில்லை.

இது ஆகிற காரியமா என்று சுனேத்ரா மிஸ்ஸிடம் கேட்டேன். “வாக்குக் கொடுக்காதே. முயற்சி செய்” என்றார். முறை இதுதான். வசனத்தைச் சிறிதாக்க வேண்டும். அதற்கு ஏற்றமும் இறக்கமும் உள்ள ஒரு மெட்டுக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் இடக்கை முழங்காலில் தட்ட வேண்டும். பாட்டும் தாளமும் மூளையின் அடிபடாத பக்கத்தையும் துணைக்குக் கூப்பிடும். ஓதலின் இராகத்தை இதற்கு எடுக்கக் கூடாது என்று முதலிலேயே தீர்மானித்தேன். அது தொழுகைக்கு உரியது. அதுபோக, அந்த இராகம் தொடங்கினால் அவர் வாய் தானாக ஓதலுக்குள் போய்விடும். சாதாரணமாகக் கதைக்கும்போது வருகிற ஏற்ற இறக்கத்தையே கொஞ்சம் நீட்டிக்கொண்டேன்.

பெண்ணின் பெயர் வசனத்தில் வர வேண்டுமா என்று மௌலவியிடம் கேட்டேன். பெயர்கள்தான் இவருக்குப் பெரும் பள்ளம். ஷிபானா என்று நினைத்துத் தங்கச்சியின் பெயரைச் சொல்லிவிட்டால் சபையில் என்ன ஆகும்? ‘மூத்த மகள்’ என்றால் யாரென்று தெளிவாகிவிடும், அது போதும் என்றார். ஆக வசனம் இது: என்ட மூத்த மகள – உங்களுக்கு – நிக்காஹ் செஞ்சு – தந்தேன்.

முதலில் நான் சொல்ல, அவர் தட்டினார். பிறகு இருவரும் சேர்ந்து சொன்னோம். பிறகு நான் பாதியில் நிறுத்த, அவர் முடித்தார். பிறகு முதல் எழுத்தை மட்டும் உதட்டால் காட்டினேன். சில நாள் முழுதாக வந்தது. சில நாள் “இல்ல”வைத் தவிர ஒன்றும் வரவில்லை. கைப்பிடியைக் குத்துவார். ஷிபானா உள்ளே இருந்து தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போவாள். யாரும் எடுத்துக் கொடுக்காதீர்கள், அவசரப்படுத்தாதீர்கள், காத்திருங்கள் என்று வீட்டாருக்குச் சொன்னேன். நாங்கள் இந்தக் கரையில் எல்லாவற்றுக்கும் வாய் கொடுக்கிற மனிதர்கள். காத்திருக்கப் பழக்குவதுதான் அந்த வீட்டில் எனக்குப் பெரிய வேலையாக இருந்தது.

நிக்காஹ் பெண்வீட்டில், அஸர் தொழுகைக்குப் பிறகு நடந்தது. ஆண்கள் மண்டபத்தில் இருந்தார்கள். பெண்கள் திரைக்குப் பின்னால் உள்ளறையில். ஒலிபெருக்கி வைத்திருந்ததால் எங்களுக்கு எல்லாம் கேட்டது. நான் திரையின் ஓரத்தில் நின்றேன். அங்கிருந்து ஹாஜியாரின் பக்கவாட்டு முகம் தெரிந்தது. மாப்பிள்ளை அவருக்கு எதிரே உட்கார்ந்து, விழுந்துபோன வலக்கையைத் தன் கைக்குள் எடுத்துப் பிடித்துக்கொண்டார். இடக்கை தட்டுவதற்குச் சும்மா இருந்தது. தேவைப்பட்டால் அடுத்த வலியாக நிற்க லத்தீப் பின்னால் இருந்தார். சாடையும் செல்லும் என்று மௌலவி சபைக்கு முன்கூட்டியே சொல்லிவைத்தார்.

நிக்காஹ் உபதேசமான குத்பா முடிந்தது. மௌலவி ஒலிவாங்கியை ஹாஜியாரின் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தார்.

“இல்ல” என்றது ஒலிபெருக்கி, தெரு முனைவரை.

மண்டபம் சலசலத்தது. மாப்பிள்ளை பக்கத்தில் யாரோ “என்ன, என்னவாம்?” என்றார். உள்ளறையில் ஷிபானா என் மணிக்கட்டைப் பிடித்தாள். லத்தீப் அரைவாசி எழும்பினார். பிறகு, தானாகவே திரும்ப உட்கார்ந்தார். அதை நான் கண்டேன்.

“எல்லாரும் இரிங்க” என்றார் மௌலவி. “ஒருத்தரும் எடுத்துக் குடுக்க வாணாம். எங்களுக்கு அவசரமில்ல.”

சபை அடங்கியது. மின்விசிறி சுற்றுவது கேட்டது. ஹாஜியார் கண்ணை மூடினார். பிறகு ஒலிபெருக்கியில் முழங்காலில் தட்டுகிற சத்தம் வந்தது, ஒன்று, பிறகு ஒன்று. திரைக்குப் பின்னால் என் உதடும் அசைந்தது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

“என்ட... மூத்த மகள...” தட்டல். “உங்களுக்கு...” தட்டல். நீண்ட இடைவெளி. “நிக்காஹ் செஞ்சு... தந்தேன்.”

“ஏற்றுக்கொண்டேன்” என்றார் மாப்பிள்ளை, அந்தச் சொல் ஆறுவதற்கு முன்.

உள்ளறையில் பெண்கள் குரவையிட்டார்கள். ஆனால் ஹாஜியாரின் கை நிற்கவில்லை. கிடைத்த சொல்லை வாய் விட மறுத்தது. “தந்தேன்” என்றார். “தந்தேன். தந்தேன்.” கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. முகம் சிரித்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை என்ன செய்வதென்று தெரியாமல் ஒவ்வொரு தரமும் தலையாட்டினார்.

மௌலவி ஒலிவாங்கியை மெல்லத் தன் பக்கம் திருப்பினார்.

“காணும் ஹாஜியார், போதும். சின்னவவுக்கு இன்னும் மாப்பிள்ள பாக்கல்ல.”